370 வாட்டா, 740 வாட்டா, தளத்துக்கு ஒன்றா? பிஓஇ ஸ்விட்ச் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கிளினிக், பள்ளி, சிறிய அலுவலகம் என்று எங்கே புதிதாக நெட்வொர்க் போட்டாலும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பம் வந்துவிடும். கொட்டேஷனில் கருவிகளை நெட்வொர்க்கில் சேர்க்கும் பெட்டியான ஸ்விட்ச் இரண்டு இருக்கும், இரண்டும் 24 போர்ட். இரண்டிலும் எல்லாப் போர்ட்டும் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரமும் தருபவை. ஒன்றில் 370 வாட் என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 740 வாட். விலையில் நல்ல வித்தியாசம். இன்னொருவர் வந்து, "எதுக்கு சார் இவ்வளவு பெரிசு, தளத்துக்கு ஒரு எட்டு போர்ட் போட்டுடலாம்" என்பார். வேறொருவர், இருக்கிற சாதா ஸ்விட்சே போதும், நாலு இன்ஜெக்டர் (ஒரு கருவியின் கேபிளில் மட்டும் மின்சாரம் சேர்க்கும் அடாப்டர்) வாங்குங்கள் என்பார். இவர்கள் எல்லாரும் சொல்வது ஏதோ ஒரு கட்டடத்துக்குச் சரிதான். உங்கள் கட்டடத்துக்கு எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பார்ப்போம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்ட் எண்ணிக்கையை வைத்து ஸ்விட்ச் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான சிக்கல் ஆரம்பிக்கிறது. முதலில் வாட் கணக்கு, அதுவும் ராத்திரி கணக்கு. போர்ட் எண்ணிக்கை அதற்கு அப்புறம்.

## பெட்டியில் இருக்கும் இரண்டு எண்கள்

ஒரு பிஓஇ ஸ்விட்சுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒரு போர்ட் அதிகபட்சம் எத்தனை வாட் தரும் என்பது ஒன்று. எல்லாப் போர்ட்டும் சேர்ந்து எத்தனை வாட் தரும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் பவர் பட்ஜெட்.

போர்ட் வரம்பைத் தரநிலைகள் நிர்ணயிக்கின்றன. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரநிலையில் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும். கேபிளின் மறுமுனையில் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009-இல் வந்த 802.3ஏடி இதை 30 வாட்டாக உயர்த்தியது. கருவிக்குக் கிடைப்பது 25.5. 2018-இன் 802.3பிடி, கேபிளின் நாலு ஜோடிக் கம்பிகளையும் பயன்படுத்தி 60 வாட், 90 வாட் என்று போனது. கருவி முனையில் அவை 51-உம் 71.3-உம். நடுவில் குறைகிற வாட், 100 மீட்டர் கேபிள் சூடாவதில் வீணாகப் போகலாம் என்று தரநிலை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தது.

இப்போது அந்த 370-க்கு வருவோம். 24-ஐ 15.4-ஆல் பெருக்கினால் 369.6. அதாவது 370 வாட் ஸ்விட்ச், 24 போர்ட்டுக்கும் பழைய 15.4 வாட்டை ஒரே நேரத்தில் தரும் அளவுக்குச் செய்யப்பட்டது. அதன் ஒவ்வொரு போர்ட்டும் தனியாக 30 வாட் தரும். எல்லாம் சேர்ந்து 30 தராது. பன்னிரண்டு போர்ட்டுக்கு மேல் போனால் கை விரித்துவிடும். 24 போர்ட்டுக்கும் முழு 30 வேண்டுமென்றால் 720 வாட் ஆகிறது. 740 வாட் மாடல் அதற்காக இருப்பது. கடைக்காரர் "எல்லாப் போர்ட்டும் 30 வாட்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ராத்திரி உச்சம். கேமராக்கள் பகலில் சாதுவாக இருக்கும். இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது பலவற்றில் மின்தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதிலும் மோசமான நிமிடம் ஒன்று உண்டு: ராத்திரியில் கரன்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, மறுபடி கரன்ட் வரும் நிமிடம். எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் எழும். பிடிஇசட், அதாவது மோட்டாரால் தலை திருப்பும் கேமரா, தன் மோட்டாரைச் சோதிக்க முழுச் சுற்று சுற்றும். வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டுகள் பூட் ஆகும். பட்ஜெட் தாங்க வேண்டியது அந்த நிமிடத்தைத்தான். மதியம் மூன்று மணிக்கு எல்லாம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டாவது, ஸ்விட்ச் வாட்டை எப்படிப் பங்கிடுகிறது என்பது. சில ஸ்விட்சுகள் கருவி உண்மையில் எவ்வளவு இழுக்கிறதோ அதை மட்டும் கணக்கில் வைக்கும். சில, கருவி தன்னை எந்தக் கிளாஸ் (மின்தேவைக்கு ஏற்ற வகுப்பு) என்று சொல்கிறதோ அந்தக் கிளாஸின் உச்ச அளவை முழுதாக ஒதுக்கிவிடும். இது ரயில் ரிசர்வேஷன் மாதிரி. ஆள் ஏறாவிட்டாலும் சீட் அவர் பேரில் போய்விட்டது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் கீழே எண்களில் பார்க்கலாம்.

மூன்றாவது, யுபிஎஸ். நாலாவது, ஸ்விட்ச் உட்காரும் இடத்தின் வெப்பம். ஐந்தாவது, ஒன்று பழுதானால் கூடவே எத்தனை போகும் என்பது. ஆறாவது, அடுத்த சில வருடங்களில் என்ன சேர்க்கப் போகிறீர்கள் என்பது. விலையை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இந்த ஆறையும் பார்த்த பிறகுதான் எது மலிவு என்பதே தெரியும்.

## ஒரு கட்டடம், மூன்று கணக்கு

மூன்று தளங்கள் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 12 நிலையான கேமரா, வாகன நிறுத்தத்தில் ஒரு பிடிஇசட், 4 வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட், 5 ஐபி போன். மொத்தம் 22 கருவிகள். இந்த ரகக் கருவிகளுக்குப் பொருந்துகிற வாட் அளவுகளை எடுத்திருக்கிறேன். உங்கள் மாடலின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை) பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

| கருவி | எண்ணிக்கை | பகலில் (வாட்) | டேட்டாஷீட் உச்சம் (வாட்) | கிளாஸ் ஒதுக்கீடு (வாட்) |
|---|---|---|---|---|
| நிலையான கேமரா | 12 | 12 × 4 = 48 | 12 × 7 = 84 | 12 × 15.4 = 184.8 |
| பிடிஇசட் கேமரா | 1 | 10 | 22 | 30 |
| ஆக்சஸ் பாயின்ட் | 4 | 4 × 9 = 36 | 4 × 16 = 64 | 4 × 30 = 120 |
| ஐபி போன் | 5 | 5 × 3 = 15 | 5 × 5 = 25 | 5 × 7 = 35 |
| மொத்தம் | 22 | 109 | 195 | 369.8 |

அதே 22 கருவிகள்தான். பகலில் 109, ராத்திரி உச்சத்தில் 195, கிளாஸ்படி ஒதுக்கினால் 369.8.

கடைசி நிரல் ஏன் இப்படி வீங்குகிறது? கிளாஸ் 2 கருவி 6.49 வாட் வரைதான் இழுக்கலாம். அதற்கு மேல் அரை வாட் கூடினாலும் அது கிளாஸ் 3. அதற்கு ஸ்விட்ச் 15.4 ஒதுக்கும். 7 வாட் கேமரா அந்தக் கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது, ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கிறது. ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் அதே கதை: 12.95-ஐத் தாண்டினால் கிளாஸ் 4, உடனே 30 வாட். கேமரா வாங்கும்போதே 6.49-க்குள் அடங்கும் மாடலைத் தேடினால், இந்தக் கட்டடத்தில் மட்டும் ஒதுக்கீடு 100 வாட் குறையும். கேமரா தேர்வில் இதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

எல்எல்டிபி என்ற நெறிமுறை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. கருவியும் ஸ்விட்சும் பேசிக்கொண்டு 0.1 வாட் துல்லியத்தில் தேவையை ஒப்புக்கொள்ளும். ஐபி போன்களிலும் நல்ல ஆக்சஸ் பாயின்ட்டுகளிலும் இது பெரும்பாலும் இருக்கும். மலிவான கேமராக்களில் எதிர்பார்க்காதீர்கள்.

கேபிள் நஷ்டத்தையும் சேர்க்க வேண்டும். 7 வாட் கேமரா 60 மீட்டரில் இருந்தால் நஷ்டம் கால் வாட்கூட இல்லை, விட்டுவிடலாம். வாட் கூடினால் கதை மாறும், ஏனென்றால் நஷ்டம் கரன்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. அந்த 22 வாட் பிடிஇசட் 90 மீட்டர் தூரத்தில் இருந்தால், தரநிலையின் மோசமான கேபிள் கணக்குப்படி 2.8 வாட் வழியிலேயே போய்விடும். மொத்தக் கட்டடத்துக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 195 என்பது சுமார் 205 ஆகிறது. எதிர்காலத்துக்கு 25 சதவீதம் இடம் விட்டால் 256. நம் கட்டடத்துக்கு வேண்டிய எண் இதுதான்.

இது முழுத் தாமிரக் கேபிளுக்கான கணக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் சந்தையில் கேட்6 என்ற பெயரில் விற்கிற மலிவுக் கேபிள்களில் நிறைய, அலுமினியத்துக்கு மேல் தாமிரப் பூச்சு கொண்டவை. மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். அதே பிடிஇசட்டை அந்தக் கேபிளில் 90 மீட்டர் இழுத்து, ஸ்விட்ச் 50 வோல்ட் தருவதாக வைத்துக்கொண்டால், வழியில் 5 வாட்டுக்கு மேல் போய், கேமரா முனையில் வோல்டேஜ் 40 அளவுக்கு இறங்கிவிடும். 802.3ஏடி கருவிக்குத் தரநிலை உறுதி தரும் குறைந்தபட்சம் 42.5. பகலில் ஒழுங்காக இருக்கும் கேமரா ராத்திரியில் விளக்கு எரிந்து, தலை திரும்பும்போது ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல் விழட்டும். எவ்வளவு பெரிய பட்ஜெட் ஸ்விட்ச் வாங்கினாலும் இது சரியாகாது.

## முதல் வழி: 24 போர்ட், 195 அல்லது 250 வாட்

மலிவான வழி. 24 போர்ட்டும் பிஓஇ-தான், பட்ஜெட் மட்டும் சின்னது. பகல் கணக்கு 109 என்பதால் நிறுவிக் காட்டும் அன்று எல்லாம் அழகாக ஓடும். 195 வாட் மாடலில் இருட்டிய பிறகு 205 தேவைப்படும்போது ஏதாவது ஒன்று அணைய வேண்டும். மேனேஜ்டு அல்லாத, அதாவது செட்டிங்கைத் திறந்து மாற்ற முடியாத பல ஸ்விட்சுகளில் முன்னுரிமை போர்ட் எண் வரிசையில் போகும். ஒன்றாம் போர்ட்டுக்கு முதல் மரியாதை, கடைசிப் போர்ட்டுக்கு முதல் வெட்டு. "கடைசி கேமரா மட்டும் ராத்திரியில போயிடுது, காலைல தானா வந்துடுது" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். கேமராவை மாற்றுவார்கள், கனெக்டரை மாற்றுவார்கள், எதுவும் பிடிபடாது.

250 வாட் மாடல் நம் கட்டடத்தின் இன்றைய தேவைக்குத் தாங்கும். வளர்ச்சிக்கு இடம் இல்லை. கிளாஸ்படி ஒதுக்கும் ரகமாக இருந்தால் இன்றைக்கே தாங்காது.

இது சரியாகப் பொருந்தும் இடமும் உண்டு. ஐபி போன் மட்டுமே உள்ள அலுவலகம். 20 போன், தலா 7 வாட் ஒதுக்கினாலும் 140-தான். அங்கே 370 வாங்குவது பணத்தை ராக்கில் பூட்டி வைப்பது. கணினிகளுக்கும் பிரின்டருக்கும் பாதிப் போர்ட் போய்விடுகிற இடத்துக்கும் இது போதும்.

## இரண்டாவது வழி: 24 போர்ட், 370 வாட், மேனேஜ்டு

நம் மருத்துவமனைக்கு என் தேர்வு இது. 256 தேவை, 370 இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: உண்மைப் பயன்பாட்டை வைத்துப் பங்கிடும் வசதி இருக்க வேண்டும், அது இயக்கத்திலும் இருக்க வேண்டும். கிளாஸ்படி ஒதுக்கும் முறையில் விட்டால் 369.8 போய்விடும், 0.2 வாட் மிச்சம். 23-ஆவது கருவியாக ஒரு சின்ன கேமராவைச் செருகினாலும் ஸ்விட்ச் மறுத்துவிடும். உண்மையில் அந்த நேரம் 160 வாட்டுக்கு மேல் சும்மா கிடக்கும். "ஸ்விட்ச் நிறைஞ்சிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று யாராவது சொன்னால், செட்டிங்கைத் திறந்து பாருங்கள். பல நேரம் ஒரே ஒரு மாற்றத்தில் வேலை முடிந்துவிடும்.

மேனேஜ்டு என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு இன்னும் இரண்டு பலன் உண்டு. எந்தப் போர்ட்டுக்கு முன்னுரிமை என்று நீங்களே சொல்லலாம். மருத்துவமனையில் வரவேற்பு போனும் வாசல் கேமராவும் கடைசி வரை நிற்கட்டும், மாடி வராந்தாவின் ஆக்சஸ் பாயின்ட் முதலில் போகட்டும். அப்புறம், தொங்கிப்போன கேமராவை உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தப் போர்ட்டை அணைத்துப் போட்டு எழுப்பலாம். 20 அடி உயரத்தில் உள்ள கேமராவுக்கு ஏணி போட்டு ஏறுகிற ஆளின் கூலியையும் ஆபத்தையும் நினைத்தால் இந்த ஒரு வசதிக்கே பணம் தரலாம்.

குறை என்ன? எல்லாம் ஒரே பெட்டியில். அது போனால் கட்டடமே இருட்டு. இரண்டாம் தளத்தின் கடைசி அறையிலிருந்து தரைத்தளம் வரை ஒவ்வொரு கேபிளும் வந்தாக வேண்டும், 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. மலிவு ஸ்விட்சுகளில் 250 மீட்டர் போகும் என்ற ஒரு வசதி இருக்கும். அதில் வேகம் 10 எம்பிபிஎஸ்-ஆக இறங்கிவிடும். கேபிள் நஷ்டமும் தூரத்துக்கு ஏற்பக் கூடும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

## மூன்றாவது வழி: 24 போர்ட், 740 வாட்

"எதுக்கும் இருக்கட்டும்" என்று வாங்கப்படுகிற ஸ்விட்ச். அதற்கு உரிய இடத்தில் இதைவிட நல்லது இல்லை. 20 அறைகள் உள்ள தங்கும் விடுதியில் அறைக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் என்றால், உச்சம் 320 வாட், கிளாஸ்படி 600. கேபிள் நஷ்டமும் எதிர்கால இடமும் சேர்த்தால் உச்சமே 420 ஆகிறது, 370-இல் அடங்காது. பிடிஇசட் நிறைய உள்ள தொழிற்சாலை, வீடியோ போன் உள்ள அலுவலகம், இவற்றுக்கும் இதுதான். வாட் கணக்கைப் பற்றி யாரும் யோசிக்காமலே எந்தப் போர்ட்டில் எதைச் செருகினாலும் ஓட வேண்டும் என்ற நிர்வாகத்துக்கும் இது நிம்மதி தரும்.

நம் 22 கருவிக் கட்டடத்தில் இது மூன்றில் ஒரு பங்குகூட வேலை செய்யாது. மின்கட்டணம் பெரிதாகக் கூடாது, ஏனென்றால் மீட்டர் ஓடுவது உண்மைச் சுமைக்குத்தான். பவர் சப்ளைகள் மிகக் குறைந்த சுமையில் கொஞ்சம் திறன் குறைந்து ஓடும், அவ்வளவுதான். ஃபேன் சத்தம் ஒரு விஷயம். ராக் தனி அறையில் இல்லாமல் மருத்துவர் அறையின் ஓரத்தில் இருந்தால் அது தினமும் காதில் விழும்.

எதிர்காலத்துக்காக 740 வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான 740 வாட் மாடல்கள் 802.3ஏடி, அதாவது போர்ட்டுக்கு 30-தான். அடுத்து வாங்கப் போகும் வைஃபை 7 ஆக்சஸ் பாயின்ட் 25.5 வாட்டுக்கு மேல் கேட்டால், மொத்தத்தில் 500 வாட் மிச்சம் இருந்தும் அந்தப் போர்ட்டால் தர முடியாது. அப்படிப்பட்ட கருவி வருமென்று தெரிந்தால், மொத்த பட்ஜெட் சற்றுக் குறைவாக இருந்தாலும் சில போர்ட்டாவது 802.3பிடி உள்ள மாடலை எடுங்கள்.

இரண்டு பவர் சப்ளை பொருத்தும் பெரிய மாடல்களில், 740 என்பது இரண்டும் சேர்ந்த கணக்கா, ஒன்று மட்டும் தருவதா என்று கேளுங்கள். சேர்ந்த கணக்கு என்றால் ஒன்று போகும் அன்று பட்ஜெட் பாதியாகிவிடும்.

## நாலாவது வழி: தளத்துக்கு ஒரு 8 போர்ட்

இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேபிள் கூலி மிச்சம், தூரம் குறைவு, ஒன்று போனால் ஒரு தளம் மட்டும் போகும். அவசரத்துக்குப் பக்கத்துக் கடையிலேயே ஒன்று வாங்கி மாற்றலாம்.

ஆனால் பட்ஜெட் இங்கே மூன்று தனிக் கிண்ணங்கள். ஒன்றில் மிச்சம் இருப்பதை இன்னொன்றுக்கு ஊற்ற முடியாது. நம் மருத்துவமனையில் தரைத்தளத்தில் 5 கேமரா, பிடிஇசட், ஒரு ஆக்சஸ் பாயின்ட், ஒரு போன். உச்சம் 78 வாட். முதல் தளத்தில் 4 கேமரா, 2 ஆக்சஸ் பாயின்ட், 2 போன், 70 வாட். இரண்டாம் தளத்தில் 3 கேமரா, ஒரு ஆக்சஸ் பாயின்ட், 2 போன், 47. மூன்றுக்கும் 65 வாட் மாடல் வாங்கினால் மொத்தமாக 195 வாட் பட்ஜெட், தேவையும் 195, காகிதத்தில் சரி. நடப்பில் தரைத்தளமும் முதல் தளமும் ராத்திரியில் தவறும், இரண்டாம் தளத்தில் 18 வாட் சும்மா இருக்கும். 120 வாட் மாடல்கள் வாங்கினால் மூன்றும் தாங்கும். அப்போதும் தரைத்தளத்தில் எட்டுப் போர்ட்டும் தீர்ந்துவிட்டது. அங்கே ஒரு கேமரா கூட்டினால் இன்னொரு ஸ்விட்ச்.

மறைந்திருக்கும் செலவு மின்சாரப் பக்கத்தில். மூன்று இடத்தில் யுபிஎஸ் வேண்டும், மூன்று பேட்டரி மாற்ற வேண்டும். இல்லையென்றால் கீழேயிருக்கும் ஒரே யுபிஎஸ்ஸிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும், அந்தச் செலவு கேபிளில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். மேல் தளத்தின் யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனது அடுத்த மின்வெட்டில்தான் தெரியவரும்.

வெப்பமும் இங்கேதான் அதிகம் கடிக்கும். தளத்துக்கு ஒன்று என்றால் அது படிக்கட்டு முக்கில் இரும்புப் பெட்டிக்குள், அல்லது மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் போய் உட்காரும். சின்ன ஸ்விட்சுகளில் நிறைய, 40 டிகிரி வரைக்குமானவை. மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் அந்த எண்ணைத் தாண்ட வேலூருக்கோ மதுரைக்கோ அதிக நேரம் ஆகாது. பெட்டிக்குக் காற்றோட்டத் துளை வேண்டும். சுவரில் மேற்கு வெயில் படும் பக்கத்தைத் தவிருங்கள்.

இடி மின்னலுக்கு மட்டும் இந்த வழி ஒரு நல்லதைச் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெளிக் கேமராக் கேபிள் வழியாக வரும் சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்), அது சேர்ந்திருக்கும் ஸ்விட்சைத்தான் முதலில் அடிக்கும். அதனால் 370 வாட் ஸ்விட்ச் வாங்குகிறவர்களுக்கும் என் யோசனை, வாகன நிறுத்தம், மதில் போன்ற திறந்தவெளிக் கேமராக்களை ஒரு தனி 8 போர்ட்டில் போட்டு, நடுவில் ஃபைபர் இணைப்பு கொடுங்கள். ஃபைபரில் மின்னல் ஓடாது. நம் மருத்துவமனையில் பிடிஇசட்டும் இரண்டு வெளிக் கேமராவும் இப்படிப் பிரிந்தால் பெரிய ஸ்விட்சின் சுமையிலும் 36 வாட் குறைகிறது.

## ஐந்தாவது வழி: சாதா ஸ்விட்சும் இன்ஜெக்டரும்

ஏற்கனவே நல்ல ஸ்விட்ச் இருக்கிறது, ஒன்றிரண்டு கருவிதான் பிஓஇ கேட்கிறது என்றால் இதுவே போதும். 60 வாட் கேட்கும் ஒரே ஒரு கருவிக்காக முழு ஸ்விட்சையும் 802.3பிடி-யாக மாற்றுவதைவிட ஒரு பிடி இன்ஜெக்டர் புத்திசாலித்தனம். நாலைத் தாண்டினால் பிளக் பாயின்ட்டுகளும் அடாப்டர்களும் ராக்கை நிறைத்துவிடும், எது எதற்கு என்று தெரியாது, தூரத்திலிருந்து ரீஸ்டார்ட் செய்யவும் முடியாது. 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரை வாங்கிவிடாதீர்கள். அது கருவியைக் கேட்காமலே மின்சாரத்தை அனுப்பும். தரநிலைப்படியான கேமரா அதில் எழாது. 48 வோல்ட் பாசிவ் இன்னும் மோசம், தவறான கருவியில் செருகினால் எரிந்துவிடும்.

பிஓஇ போர்ட்டுள்ள என்விஆரும் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) இந்த வகையில் சேரும். கேமரா மட்டும் உள்ள வீட்டுக்கும் கடைக்கும் நல்லது. அதற்கும் ஒரு மொத்த பட்ஜெட் உண்டு, டேட்டாஷீட்டில் பாருங்கள்.

## யுபிஎஸ்தான் உண்மையான பட்ஜெட்

இதைத் தனியாக எழுதக் காரணம், கொட்டேஷனில் ஸ்விட்ச் ஒரு பக்கம், யுபிஎஸ் வேறொரு ஆள் என்று பிரிந்துவிடுகிறது.

ஸ்விட்ச் தனக்கென்று 35 வாட் எடுக்கிறது, பவர் சப்ளையின் திறன் 88 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நம் 205 வாட் சுமைக்குச் சுவரிலிருந்து சுமார் 270 வாட் வேண்டும். 370 முழுதாக ஓடினால் 460. 740 முழுதாக ஓடினால் 880. இப்போது யுபிஎஸ் பக்கம்: நம் ஊரில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். 1 கேவிஏ என்பது பல மாடல்களில் 600 வாட். திருப்பிக் கணக்குப் போட்டால், 360 வாட் யுபிஎஸ்ஸில் மாட்டிய ஸ்விட்ச், மின்வெட்டில் 280 வாட்டுக்கு மேல் பிஓஇ தர முடியாது, பெட்டியில் 370 இருந்தாலும் 740 இருந்தாலும். 600 வாட் யுபிஎஸ்ஸுக்கு அந்த எல்லை சுமார் 490.

நேரக் கணக்கு வேறு. 600 விஏ யுபிஎஸ்ஸின் உள்ளே இருப்பது பொதுவாக ஒரே ஒரு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. 270 வாட் சுமையில் பத்து நிமிடம்கூட நம்ப முடியாது. ஜெனரேட்டர் தானாக எழும் இடத்துக்கு அது போதும். இல்லாத இடத்தில் 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரியுடன் இன்வெர்ட்டர் வையுங்கள். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் நாலு மணி நேரம் அளவுக்கு ஓடும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். சாதா மோடில் மாறும் நேரம் அதிகம். ஸ்விட்ச் ஒரு கணம் அணைந்தாலும் 22 கருவியும் முதலிலிருந்து பூட் ஆகும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | 195–250 வாட் | 370 வாட் மேனேஜ்டு | 740 வாட் | தளத்துக்கு 8 போர்ட் | இன்ஜெக்டர் |
|---|---|---|---|---|---|
| நம் கட்டடத்தின் ராத்திரி உச்சம் (205) | 195 தாங்காது, 250 மட்டுமட்டு | தாங்கும் | தாராளம் | 120 வாட் மாடல் என்றால் தாங்கும் | கருவிக்கு ஒன்று என்பதால் தாங்கும் |
| கிளாஸ்படி ஒதுக்கினால் | முடியாது | நூலிழையில் | தாங்கும் | தரைத்தளமும் முதல் தளமும் தடுமாறும் | பொருந்தாது |
| யுபிஎஸ் | ஒன்று | ஒன்று | ஒன்று. வாட் கூடினால் பெரிது | மூன்று, அல்லது தனி வயர் | ஒன்று, நிறைய பிளக் |
| ஒன்று பழுதானால் | எல்லாம் போகும் | எல்லாம் போகும் | எல்லாம் போகும் | ஒரு தளம் | ஒரு கருவி |
| மறைந்த செலவு | கண்டுபிடிக்க முடியாத இரவுப் பழுது | நீளமான கேபிள் | பயன்படாத வாட், சத்தம் | பேட்டரிகள், வெப்பம் | குழப்பம், பராமரிப்பு |
| பொருத்தமான இடம் | போன் மட்டும் உள்ள அலுவலகம் | கிளினிக், பள்ளி, கலந்த சுமை | விடுதி, தொழிற்சாலை | பரந்த வளாகம், தனித்தனிக் கட்டடம் | ஒன்று முதல் நாலு கருவி |

தரைத்தளமும் முதல் தளமும் தடுமாறும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தரைத்தளத்தில் கிளாஸ்படி 5 கேமராவுக்கு 77, பிடிஇசட்டுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் 60, போனுக்கு 7, ஆக 144. முதல் தளத்தில் 135.6. இரண்டும் 120 வாட் ஸ்விட்சில் அடங்காது.

## பணம் கொடுக்கும் முன்

கடையிலோ நிறுவனத்தாரிடமோ நாலு கேள்வி கேளுங்கள். மொத்த பிஓஇ பட்ஜெட் எத்தனை வாட்? ஒதுக்கீடு உண்மைப் பயன்பாட்டிலா, கிளாஸ்படியா, மாற்ற முடியுமா? போதாமல் போனால் எந்தப் போர்ட் முதலில் அணையும்? எத்தனை டிகிரி வரை அந்த முழு பட்ஜெட்டும் கிடைக்கும்? டேட்டாஷீட்டில் இந்த நாலுக்கும் பதில் இல்லாத ஸ்விட்சை நான் வாங்கமாட்டேன்.

நிறுவி முடித்ததும் ஒப்படைப்புச் சோதனையை இருட்டிய பிறகு வையுங்கள். எல்லா இன்ஃப்ராரெட்டும் எரியட்டும், பிடிஇசட்டைச் சுற்ற விடுங்கள், நாலைந்து பேர் வைஃபையில் வீடியோ பார்க்கட்டும். அப்போது யுபிஎஸ்ஸையும் சேர்த்து அணைத்துப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் 22 கருவியும் திரும்பி வந்தாக வேண்டும். மேனேஜ்டு ஸ்விட்சின் செட்டிங் திரை அந்த நேரம் காட்டும் வாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேனேஜ்டு அல்லாத மாடல்கள் சிலவற்றில், பட்ஜெட் தீரும் தறுவாயில் எரியும் பிஓஇ மேக்ஸ் என்ற சின்ன விளக்கு இருக்கும்; அது எரியக் கூடாது. குறித்த எண்ணைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி ராக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் இன்னொரு கேமரா போட வரும் ஆள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.